ஹைபிரிட் எஸ்டேட் காரைத் தினமும் ஓட்டுவது எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கும் நண்பர்கள் அடுத்த கார் வாங்கும் நேரத்தில் என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் ஓட்டுவது டொயோட்டா கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் 1.8 ஹைபிரிட், அதாவது 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் எஸ்டேட் கார். வீடு லண்டன் புறநகரில். வாசலில் சொந்தமாக வண்டி நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் நிறுத்துகிறேன். வேலைக்கு, பள்ளிக்கு, கடைக்கு, கோயிலுக்கு, விமான நிலையத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வண்டிதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் சார்ஜர் வைக்க வழியில்லாத, ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அதிகம் இல்லை. எல்லாரும் எஸ்யூவி பக்கம் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எஸ்டேட் என்றால் எப்படிப்பட்ட வண்டி? சாதாரண கொரோலாவிலிருந்து என்ன வித்தியாசம்?

காரின் கூரையைப் பின்பக்கம் கடைசி வரை நீட்டி, பின் கதவைத் திறந்தால் சீட்டின் முதுகு வரை ஒரே வெளியாகத் தெரியும்படி கட்டிய வண்டி. உயரம் கார் உயரம்தான், நீளம்தான் கூடுதல். கொரோலா ஹாட்ச்பேக் 4,370 மி.மீ. நீளம், டூரிங் ஸ்போர்ட்ஸ் 4,650 மி.மீ. சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 2,640-லிருந்து 2,700 மி.மீ. ஆகிறது, அந்த 60 மி.மீ. பின் சீட்டில் கால் நீட்டும் இடத்துக்குப் போகிறது. ஹாட்ச்பேக்கில் முன் சீட்டை என் உயரத்துக்கு வைத்தால் பின்னால் இருப்பவரின் முழங்கால் இடிக்கும், இதில் இடிக்காது.

இந்தியாவில் இந்த வகை வண்டி ஓடவே இல்லை. 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது, பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மரீனா என்று முயன்று பார்த்தார்கள், எதுவும் நிலைக்கவில்லை. அதனால்தான் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் புதிதாக இருக்கிறது. ஐரோப்பாவில் இது பல தலைமுறையாகக் குடும்ப வண்டி. டொயோட்டாவே 2013-இல் ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் இதே அளவில் ஹைபிரிட் எஸ்டேட் விற்றது, 2019-இல் கொரோலா அதன் இடத்துக்கு வந்தது. வண்டி தயாராவது டெர்பிஷயரில் உள்ள பர்னஸ்டன் ஆலையில், 1.8 இஞ்சின் வருவது வேல்ஸில் இருக்கும் டீசைடு ஆலையிலிருந்து. சுசுகி ஸ்வேஸ் என்று ஒன்று தெருவில் தெரிந்தால் அதுவும் இதே வண்டிதான், முகமும் பெயரும் மட்டும் வேறு.

டிக்கியில் உண்மையில் என்னதான் ஏறும்?

1.8 மாடலில் 596 லிட்டர், 2.0 மாடலில் 581 லிட்டர். 1.8 ஹாட்ச்பேக்கில் 361 தான். லிட்டர் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது என்பதால் சாமான் கணக்கில் சொல்கிறேன். மாதாந்திரச் சாமான் வாங்க ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் 10 கிலோ அரிசி மூட்டைகள், பருப்பு, எண்ணெய் டின், காய்கறி அட்டைப்பெட்டி எல்லாம் வைத்த பிறகும் பிள்ளையின் ஸ்கூட்டர் படுத்துக்கொள்ள இடம் இருக்கும். தள்ளுவண்டியை மடக்காமல்கூட ஏற்றலாம், பின் சீட்டில் ஒரு பாதியைச் சாய்த்தால் போதும்.

பெரிய சோதனை ஹீத்ரோதான். அப்பா அம்மா வருகிறார்கள், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, அதற்கு மேல் கைப்பெட்டிகள். மேலே இருக்கும் சுருட்டுத் திரையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் நான்கு பெரிய பெட்டிகளும் ஏறிவிடும், பின் சீட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் கூரை வரை அடுக்கினால் பின்கண்ணாடி மறையும், அதோடு சடாரென்று பிரேக் பிடித்தால் பெட்டி முன்னால் வந்து விழும். ஆகவே கனமானவை அடியில், சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும், மேலடுக்கில் இலேசானவை மட்டும்.

இன்னும் இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தவை. டிக்கியின் தரைப்பலகையைத் திருப்பிப் போடலாம், ஒரு பக்கம் கம்பளம், மறுபக்கம் துடைத்துவிடக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக். கோயில் பூஜைக்குச் சாம்பார் அண்டா கொண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். அப்புறம், டிக்கிக்குள் இருந்தபடியே ஒரு நெம்புகோலை இழுத்தால் பின் சீட்டு தானாகச் சாய்ந்துவிடும், கை நிறையச் சாமானை வைத்துக்கொண்டு பக்கக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. ஏற்றும் விளிம்பும் தாழ்வு, மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டாம். எஸ்யூவியில் தினமும் தூக்கிப் பார்த்தவர்களின் முதுகைக் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

சார்ஜ் போடவே வேண்டாம் என்கிறார்களே, அப்புறம் பேட்டரி எப்படி நிறைகிறது?

மின்சாரம் எல்லாமே கடைசியில் நீங்கள் போடும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது, இதில் குழப்பம் வேண்டாம். வழக்கமான காரில் வீணாகிப் போகும் சக்தியை இது பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது சாதாரணக் கார் தன் வேகத்தை முழுக்க வெப்பமாகக் காற்றில் விடுகிறது. இதில் பிரேக்கை மெதுவாக மிதித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி சின்னது, ஒரு கிலோவாட் மணி அளவில்தான் இருக்கும், பின் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. முழு மின்காரின் பேட்டரியோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூடச் சில சமயம் இருக்காது. நிறைவதும் தீர்வதும் நிமிடக் கணக்கில் நடக்கும்.

உள்ளே இஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியில் கோக்கப்பட்டிருக்கின்றன. 1997-இல் ஜப்பானில் வந்த முதல் பிரையஸிலிருந்து டொயோட்டா தேய்த்து மெருகேற்றி வரும் ஏற்பாடு இது. ஒரு மோட்டார் இஞ்சினைத் திருப்பி ஸ்டார்ட் செய்வது, மின்சாரம் உண்டாக்குவது, இஞ்சின் எத்தனை வேகத்தில் சுற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது. இன்னொன்று சக்கரத்தை ஓட்டுவது. இதனால் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, மாற்றிக்கொண்டே இருக்கும் கியர்களும் இல்லை. ஹைபிரிட் என்றதும் சிக்கலான இயந்திரம் என்று பயப்படுகிறார்கள். தேய்ந்து போகும் பாகங்களைக் கணக்குப் பார்த்தால் டீசல் ஆட்டோமேட்டிக்கைவிட இது எளிமையானது. லண்டனில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இதையே தேடிப்பிடித்து வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

சரி, மைலேஜ் எவ்வளவு?

கோடையில், ஊருக்குள், சிக்னலும் நெரிசலுமாக இருக்கும் சாலையில் எனக்குக் கேலனுக்கு 65 மைல் பக்கத்தில் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 23 கி.மீ. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் நிலையாகப் போனால் 50 முதல் 55, அதாவது லிட்டருக்கு 18 அல்லது 19 கி.மீ. மற்ற கார்களில் ஊருக்குள் குறையும், நெடுஞ்சாலையில் கூடும். இதில் தலைகீழ். நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கவே மாட்டீர்கள், திரும்பப் பிடிக்க சக்தி ஏது? காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேலை முழுவதும் இஞ்சினுக்குத்தான்.

ஆகவே வருடம் முழுக்க மோட்டார்வேயிலேயே ஓடுகிறவருக்கு இதன் லாபம் சுமார்தான். டேங்க் 43 லிட்டர். நான் 450 மைல் தாண்டியதும் நிரப்பிவிடுவேன். லண்டனிலிருந்து எடின்பரா சுமார் 400 மைல், வழியில் பெட்ரோலுக்காக நிற்காமல் போய்ச் சேரலாம். பிள்ளைகளுக்காக நிற்க வேண்டி வரும், அது வேறு.

மைலேஜ் கூட்ட ஒரே ஒரு பழக்கம் போதும். தேவையான வேகத்துக்குத் தயங்காமல் ஏறிவிடுங்கள், பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மெல்லத் தொடுங்கள், இஞ்சின் அணைந்து மோட்டாரில் வழுக்கிக்கொண்டு போகும். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அங்கிருந்தே மெதுவாகப் பிரேக்கைத் தொடுங்கள். ஆமை மாதிரி வேகம் எடுப்பது நல்லது என்று நினைக்கிறார்கள், அப்படிச் செய்தால் பேட்டரி காலியாகி, அதை நிரப்ப இஞ்சின் தனியாக ஓட வேண்டி வரும்.

குளிர்காலத்தில் மைலேஜ் விழுந்துவிட்டது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. ஜனவரி காலையில் இஞ்சின் சூடாக வேண்டும், புகைபோக்கியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாக வேண்டும், நீங்கள் கேட்ட ஹீட்டருக்கு வெந்நீர் வேண்டும். இந்த மூன்றும் முடியும் வரை இஞ்சின் அணையாது. பள்ளி ஒன்றரை மைல் தூரம் என்றால் போய்ச் சேரும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கேலனுக்கு 40 மைல் என்று காட்டினாலும் பதற வேண்டாம். சீட் சூடேற்றி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரை இரண்டு டிகிரி குறைத்து வையுங்கள், இஞ்சின் சீக்கிரம் அணையும். டயர் காற்றும் குளிரில் குறையும், மாதம் ஒருமுறை பாருங்கள். சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய மிச்சம், ஒருமுறை சூடான இஞ்சினுக்கு அடுத்த கடை வரை வேலையே இல்லை.

மேட்டில் ஏறும்போது இஞ்சின் இப்படிக் கத்துகிறதே?

கத்தும். மோட்டார்வேயில் சேரும் சரிவுப் பாதையில் காலை அழுத்தினால் இஞ்சின் ஒரே சுருதியில் உச்சத்துக்குப் போய் நிற்கும், வண்டியின் வேகம் அதற்குப் பின்னால் மெல்ல வரும். கியர் மாறும் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு இது ஏதோ கிளட்ச் நழுவுவதுபோல் கேட்கும். இஞ்சின் அந்த நேரத்தில் தனக்கு மிகவும் சிக்கனமான, தேவையான சக்தி கிடைக்கும் சுற்றுக்குப் போய் அங்கேயே நிற்கிறது, அவ்வளவுதான். வண்டிக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

2019 முதல் 2022 வரையிலான 1.8-க்கு 122 குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து 62 மைல் வேகத்துக்கு 11 வினாடி பிடிக்கும். 2023 மாடலில் 140 ஆக ஏற்றினார்கள், நேரம் ஒன்பதரை வினாடிக்கு உள்ளே வந்துவிட்டது, கத்தலும் நன்றாகவே குறைந்தது. பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

1.8 வாங்கவா, 2.0 வாங்கவா?

ஊருக்குள் ஓட்டம் என்றால் 1.8. மலைப்பாங்கான ஊரில் இருக்கிறீர்கள், ஐந்து பேரும் சாமானுமாக அடிக்கடி வெளியூர் போகிறீர்கள் என்றால் 2.0, அதில் முதலில் 180-ஐ ஒட்டி இருந்த குதிரைத்திறன் 2023 மாடலில் 196 ஆனது. மைலேஜில் வித்தியாசம் பெரிதில்லை. டிக்கி 15 லிட்டர் குறைவு, இன்சூரன்ஸ் கொஞ்சம் அதிகம். கேரவன் இழுக்க நினைத்தால் இரண்டும் சரிவராது, 750 கிலோதான் எல்லை.

பி கியர் எதற்கு? ஈவி பட்டன் எதற்கு?

பி நீண்ட இறக்கத்துக்கு. லேக் மாவட்டம், வேல்ஸ், ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் மைல் கணக்கில் இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிடும், நிறைந்த பிறகு மோட்டாரால் மின்சாரம் பிடிக்க முடியாது, பிரேக் கட்டைகள்தான் சூடாகும். அப்போது பி போட்டால் இஞ்சின் இழுத்துப் பிடிக்கும். மற்ற நேரத்தில் பி போட்டு ஓட்டினால் பெட்ரோல்தான் வீண், டி போதும்.

மின் மோட்டாரில் மட்டும் ஓட வைக்கும் ஈவி பட்டனைக் காலை ஐந்து மணிக்குத் தெருவில் சத்தமில்லாமல் வண்டியை எடுக்க வைத்துக்கொள்ளலாம். பேட்டரி கொஞ்சமாவது நிறைந்திருந்து மெதுவாகப் போனால்தான் வேலை செய்யும்.

இவை இரண்டையும்விட முக்கியமானது நியூட்ரல். நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கம் மேனுவல் ஓட்டியவர்களுக்கு விடாது. இந்த வண்டியில் அதை விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நியூட்ரலில் இஞ்சின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது. டி-யிலேயே வைத்துப் பிரேக் ஹோல்டு பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தேன், கதவே திறக்கவில்லை. என்ன ஆயிற்று?

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது, இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். வண்டியில் இரண்டு பேட்டரி. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி ஒன்று. விளக்கு, பூட்டு, கணினிகள், அலாரம் இவற்றுக்கான சாதாரண 12 வோல்ட் பேட்டரி இன்னொன்று. பெரியது நன்றாக இருந்தாலும் 12 வோல்ட் இறங்கிவிட்டால் கணினி விழிக்காது, கணினி விழிக்காவிட்டால் பெரிய பேட்டரி இணையாது, வண்டி அசையாது. இஞ்சினைத் திருப்பும் வேலை அந்தச் சின்ன பேட்டரிக்கு இல்லை என்பதால் அதைச் சின்னதாகவே வைத்திருக்கிறார்கள், அலாரம் விழித்திருந்தால் சில வாரங்களில் காலி.

கோவிட் ஊரடங்கில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தபோது ஏராளமானோருக்கு இது நடந்தது. வாரம் ஒருமுறையாவது வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் விடுங்கள் என்று டொயோட்டாவே அப்போது அறிவுறுத்தியது. திரையில் ரெடி என்ற விளக்கு எரிய வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால்தான் அது எரியும். பிரேக் மிதிக்காமல் அழுத்தி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் 12 வோல்ட் இன்னும் வேகமாக இறங்கும். ரெடியில் விட்டால் இஞ்சின் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடத் தொடங்கும், ஆகவே மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது, புகை உயிருக்கு ஆபத்து. வண்டியை விட்டு நகரவும் வேண்டாம்.

சாவி ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பிறகு பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டோ, கையடக்க பூஸ்டர் வைத்தோ எழுப்பலாம். எந்த முனையில் மாட்டுவது என்று கையேட்டில் படம் இருக்கிறது, மாட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள், முனை மாறினால் செலவு பெரிதாகும். ஆனால் உங்கள் ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு காரை எழுப்ப உதவி கேட்டால் மறுத்துவிடுங்கள். இதன் மின்னமைப்பு அதற்கானது இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது, நம்பிக்கையான நண்பரிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், இன்சூரன்ஸில் அவர் பெயரை அந்த மாதத்துக்குச் சேர்த்துவிட்டு.

பெரிய பேட்டரி போய்விட்டால் ஆயிரக்கணக்கில் செலவாமே?

போனால் செலவுதான், மறைக்கவில்லை. ஆனால் போவது எப்போது என்று பார்க்க வேண்டும். டொயோட்டா இந்த பேட்டரியை முழுக்க நிறையவும் விடாது, முழுக்கக் காலியாகவும் விடாது, நடுவில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்தும், அதனால் ஆயுள் நீளம். இங்கிலாந்தில் வண்டிக்கான வாரண்டி முதலில் 3 ஆண்டு அல்லது 60,000 மைல். அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு சர்வீஸ் செய்யும்போதும் இன்னும் 12 மாதம் அல்லது 10,000 மைல் கூடிக்கொண்டே வரும், மொத்தம் 10 ஆண்டு அல்லது 100,000 மைல் வரை. நடுவில் ஒரு வருடம் வெளியே சர்வீஸ் செய்திருந்தாலும் மறுபடி அங்கே போனால் மறுபடி தொடங்கும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது பெரிய பலம். இந்த நாட்டில் ஏழெட்டு வருட வண்டிக்கு வாரண்டி கிடைப்பது அபூர்வம்.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம். அதைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் காற்றையே ஒரு மின்விசிறி இழுக்கிறது, அந்தக் காற்றுத் துளை பின் சீட்டின் கீழ் ஓரத்தில் ஒரு சல்லடைபோல் தெரியும். அதன்மேல் ஜாக்கெட், பள்ளிப் பை, போர்வை எதையும் போடாதீர்கள். நாய் வளர்க்கிறவர்கள், பின் சீட்டில் முறுக்கும் பிஸ்கட்டும் சாப்பிடும் பிள்ளைகள் உள்ளவர்கள், சர்வீஸின்போது அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பிரேக் வட்டு துருப்பிடித்திருக்கிறது என்று எம்ஓடியில் (வண்டியின் வருடாந்திரத் தகுதிச் சோதனையில்) எழுதினார்கள். இது சகஜமா?

சகஜம்தான். பாதி வேலையை மோட்டார் செய்வதால் பிரேக் கட்டைகள் நெடுநாள் வரும், ஆனால் பயன்படுத்தாத இரும்பு இங்கிலாந்து மழையிலும் சாலை உப்பிலும் துருப்பிடிக்கும், குறிப்பாகப் பின் சக்கரங்களில். அவ்வப்போது பின்னால் வண்டி இல்லாத சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள், துரு உரசிப் போய்விடும்.

ஹைபிரிட்களைக் குறிவைத்துத் திருடுகிறார்களாமே?

திருடுவது காரை அல்ல, அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. அதில் பல்லேடியம், ரோடியம், பிளாட்டினம் இருக்கின்றன. ஹைபிரிட்டில் இஞ்சின் பாதி நேரம் ஓடுவதில்லை என்பதால் அந்த உலோகங்கள் அதிகம் தேயாமல் இருக்கும், திருடனுக்கு அதுதான் வேண்டும். பழைய பிரையஸும் ஆரிஸும் லண்டனில் இதில் ரொம்பவே அடிபட்டன. ஜாக்கி வைத்துத் தூக்கி அறுத்துக்கொண்டு போக சில நிமிடம்தான் ஆகும். ஆரிஸ் எஸ்டேட் வாங்குகிறீர்கள் என்றால் அதோடு சேர்த்து கேட்லாக் போன்ற இரும்புக் கவசமும் போட்டுவிடுங்கள், தெரு விளக்குக்குக் கீழே நிறுத்துங்கள். சாவியை வாசல் பக்கத்தில் மாட்டாமல், சிக்னல் வெளியே போகாத பையில் வையுங்கள்.

வரி, யூலெஸ், நெரிசல் கட்டணம்?

யூலெஸ், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் கட்டணம், இதற்குக் கிடையாது, 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் விரித்தபோதும் இந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டும், ஹைபிரிட் என்பதற்காக ஒரு பைசா சலுகை இல்லை. சாலை வரியில் ஹைபிரிட்டுக்கு இருந்த 10 பவுண்டு தள்ளுபடியும் 2025 ஏப்ரலோடு போயிற்று. இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது: 2017 ஏப்ரல் 1-க்கு முன்னால் பதிவான ஆரிஸ் ஹைபிரிட் எஸ்டேட் பழைய விதிப்படி வரி கட்டுகிறது. 2025 மாற்றத்தில் அந்த வகைக்கு வந்தது ஆண்டுக்கு 20 பவுண்டு, அதே சமயம் கொரோலா கட்டியது 195. பட்ஜெட் குறைவாக இருக்கிறவர்கள் இந்தத் தேதியை மனதில் வைத்துத் தேடுங்கள்.

எஸ்யூவி வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறீர்கள்?

உயரம் கூடினால் காற்றுத் தடை கூடும், எடை கூடும், டயர் பெரிதாகும், டயர் விலையும் ஏறும். அதே இஞ்சின், அதே பேட்டரியை உயரமான உடம்புக்குள் வைத்தால் மைலேஜ் குறைகிறது, டிக்கியும் பெரும்பாலும் இதைவிடச் சின்னது. வளைவில் எஸ்டேட் அவ்வளவாகச் சாயாது, பின்னால் தூங்கும் பிள்ளைக்கு வாந்தி வருவதும் குறைவு. பள்ளி வாசலில் குழந்தைகள் குறுக்கே வருவது தாழ்வான முன்பக்கம் உள்ள காரிலிருந்து நன்றாகத் தெரியும், எனக்கு இதுவே போதுமான காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எஸ்யூவிக்கு நியாயம் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இந்தக் காரில் ஏறுவதைவிட எழுந்து இறங்குவதுதான் கஷ்டம். சீட்டு தாழ்வு, புடவை கட்டிய அம்மாவுக்கு ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கும். முன் சீட்டை உயர்த்தி, பின்னால் முழுக்கத் தள்ளி வைத்தால் சமாளிக்கலாம். பெற்றோர் உங்களோடேயே நிரந்தரமாக இருக்கிறார்கள் என்றால் அவர்களைக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்து முடிவெடுங்கள், கஷ்டம் என்று அவர்கள் சொன்னால் கொரோலா கிராஸ் போன்ற உயரமானதைப் பாருங்கள். மூன்று குழந்தை சீட் வேண்டும் என்றாலும் இது சரிவராது, குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டு ஓரத்திலும்தான், நடுவில் மூன்றாவது நுழைவது கடினம்.

நேராக மின்காருக்கே போய்விடலாமே?

வீட்டில் சார்ஜர் வைக்க முடிந்தால் போங்கள், நான் தடுக்க மாட்டேன், இரவு நேரக் கட்டணத்தில் மின்காரை வெல்ல பெட்ரோல் வண்டியால் முடியாது. தெருவில் நிறுத்துகிறவர்கள் நிலை வேறு. வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜரில் 20 சதவீதம், அதோடு அங்கே ஒரு யூனிட்டின் விலையே பல மடங்கு. வாடகை வீட்டில், ஃபிளாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் மின்கார் வாங்கு என்று சொல்வது எளிது, மழையில் சார்ஜருக்கு வரிசையில் நிற்பது அவர்கள்தானே. சொருகிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்டும் அதே கதைதான், சொருகாவிட்டால் கனமான பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் கார்.

பழைய வண்டி பார்க்கப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

சர்வீஸ் பதிவை முதலில் கேளுங்கள், 10,000 மைலுக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை நடந்திருக்க வேண்டும். ஹைபிரிட் ஹெல்த் செக், அதாவது பெரிய பேட்டரியைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எம்ஓடி வரலாறு முழுக்க இலவசமாகக் கிடைக்கும், மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று அதில் தெரியும். வாடகைக் காராக ஓடியதா என்று விசாரியுங்கள். ஓடியிருந்தால் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை, நன்றாகப் பராமரித்த வாடகைக் கார் சும்மா நின்ற காரைவிட மேல், ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும், பின் சீட்டும் கதவு ரப்பரும் நிலையைச் சொல்லிவிடும்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது வண்டி சூடாக்கி வைக்காமல் குளிர்ந்தே இருக்கட்டும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். குளிர்ந்த இஞ்சின் எழும்போது ஒரு குலுக்கலும் இல்லாமல் எழ வேண்டும், தடதடவென்று உதறினால் வேண்டாம். குறைந்தது இருபது நிமிடம் ஊருக்குள்ளும் மோட்டார்வேயிலும் ஓட்டுங்கள், பேட்டரி அளவு சில நொடிக்குள் மேலே பாய்வதும் கீழே விழுவதுமாக இருக்கக் கூடாது. பின் சீட்டின் ஓரத்தில் அந்தக் காற்றுத் துளையைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள், தூசி அப்பியிருந்தால் அந்த வடிகட்டியைப் பல வருடமாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம். கடைசியாக டிக்கித் தரையைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, வெறும் பஞ்சர் மருந்துப் பெட்டி மட்டுமா என்று பார்த்துவிடுங்கள், சக்கரம் இல்லாவிட்டால் அதற்கான பணத்தையும் விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.